போத்தலின் அடியில் இருப்பது யாது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலே நடப்பவர்களின் காதில் கடலோரப் புகைவண்டியின் ஓசையோடு மற்றுமொரு குரலும் விழும். "போத்தல்... பத்தர..." என்று சிங்களத்தில் நீட்டி அழைத்தபடி, தோளில் சாக்கும் கையில் தராசுமாக வரும் பழம்பொருள் வியாபாரியின் குரலே அது. எமது வீட்டு வாயிலுக்கு நெடுங்காலமாக வரும் ஒருவர், நாம் கொடுக்கும் ஒவ்வொரு போத்தலையும் முதலில் வெயிலுக்கு நேரே உயர்த்திப் பார்ப்பார். அடுத்து விரலால் அதன் வாயைச் சுற்றித் தடவுவார். பின்னர் மூக்கருகே கொண்டு சென்று முகர்வார். இந்த மூன்று சோதனையிலும் தேறாத போத்தல் அவருடைய சாக்கினுள் புகாது. ஒருநாள் ஒன்றைத் திருப்பித் தந்து, "இது மண்ணெண்ணெய் போத்தல், மாத்தயா. இதிலே ஒருத்தரும் ஒண்டும் குடிக்கக் கூடாது" என்றார். பள்ளியிலே பல்லாண்டாக இரசாயனம் கற்பிக்கும் எமக்கு, அந்த மூன்று சோதனைகளின் அருமை அன்று விளங்கவில்லை. விளங்கியதற்கு எமது குசினிச் சுவரில் இன்றும் இருக்கும் ஒரு பள்ளம் சாட்சி.

எம் இல்லாளின் தாய்வீடு கொட்டாஞ்சேனையில் உள்ளது. அதற்கு அடுத்த வீட்டில் கத்தோலிக்க மூதாட்டியார் ஒருவர் வாழ்கிறார். அவரை நாம் மாமி என்றே அழைப்போம். தீபாவளிக்கு எம் வீட்டுப் பலகாரம் அங்கே போகும். நத்தாருக்கு அவர் வீட்டுக் கேக்கும், ஜிஞ்சர் பியர் என்று எல்லோராலும் வழங்கப்படும் இஞ்சிப் பானமும் இங்கே வரும். பெயரில் பியர் இருப்பதைக் கண்டு முகஞ் சுளிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மால்ட் தானியத்தில் வடிக்கும் மெய்யான பியரை வீட்டிலே செய்வது மேல்நாடுகளிற் பலருக்குப் பொழுதுபோக்கு. இங்கிலாந்தில் 1963ஆம் ஆண்டில் அதற்கான அனுமதிப்பத்திர முறை நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு வழிவிட்டது. நமது நாட்டிலோ 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றி மதுபானம் செய்வது குற்றம். ஆகவே பியரை மேல்நாட்டாருக்கே விட்டுவிட்டு, நமது இஞ்சிப் பானத்தோடு நிற்போம். எனினும் இவ்விரண்டுக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. இரண்டும் போத்தலுள்ளே உயிரோடிருக்கும் பானங்கள். ஆதலின் இரண்டின் விதியையும் போத்தலின் சுத்தமே பெரும்பாலும் நிருணயிக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மாமியின் செய்முறையைக் கேட்டறிந்து நாமே அதனைச் செய்யத் துணிந்தோம். இஞ்சியை இடித்துச் சீனியுடன் கொதிக்க வைத்து, ஆறவிட்டுத் தேசிப்புளி சேர்த்து, ஒரு சிட்டிகை மதுவமும் இட்டுப் பன்னிரண்டு போத்தல்களில் நிரப்பினோம். போத்தல்களைச் சவர்க்காரமும் வெந்நீரும் கொண்டு கழுவி, குசினியில் தொங்கிய துவாயால் உள்ளும் புறமும் துடைத்தோம். இரண்டாம் நாள் எட்டுப் போத்தல்கள் தேவாமிர்தமாய் இருந்தன. மூன்று புளித்து நாறின. எஞ்சிய ஒன்று, அன்றிரவு பத்து மணிக்கு வெடிகுண்டு போல வெடித்தது. அதன் கண்ணாடித் துண்டொன்று சுவரின் சாந்திலே ஏறி நின்றது. அந்த இடத்தில்தான் கால்மணி நேரத்துக்கு முன் எம் மகள் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றாள். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் மாமியிடம் சென்று முறையிட்டோம். அவர் இஞ்சியைப் பற்றியோ சீனியைப் பற்றியோ கேட்கவில்லை.

"தம்பி, போத்தல் கழுவினது ஆர்?"

"நான்தான், மாமி."

"என்னத்தால துடைச்சனீங்கள்?"

துவாயால் என்றோம். மாமி சிரித்தார். "அந்தத் துவாயாலதானே மேசையும் துடைக்கிறது?" என்றார்.

கழுவுதல் வேறு, கிருமி நீக்குதல் வேறு

இவ்விடயத்தை நாம் வகுப்பறைக்கே கொண்டு சென்றோம். மாணவர் மூன்று போத்தல்களை எடுத்தனர். முதலாவதை வெறும் நீரால் அலசினர். இரண்டாவதைச் சவர்க்காரமிட்டு நன்கு தேய்த்துக் கழுவினர். மூன்றாவதை அவ்வாறே கழுவிய பின் பத்து நிமிடம் நீரில் கொதிக்க வைத்தனர். கொதித்து ஆறிய சீனி நீரில் சிறிதளவு இறைச்சிச் சாறு கலந்து மூன்றிலும் ஊற்றி, வாயைப் பஞ்சினால் அடைத்து மேசைமேல் வைத்தனர். கொழும்பின் வெப்பத்தில் முதலாவது மறுநாளே கலங்கியது. இரண்டாவது மூன்றாம் நாள் கலங்கியது. மூன்றாவது அந்த வாரம் முழுதும் தெளிவாகவே இருந்தது. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்ச்சர் 1860ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் வளைந்த கழுத்துடைய குடுவைகளைக் கொண்டு உலகுக்குக் காட்டிய உண்மையின் ஏழைக் கொழும்புப் பதிப்பு இது. அவரே பின்னர் 1876ஆம் ஆண்டில் பியரைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். பியர் கெட்டுப்போவது தானாக அன்று, வேண்டாத நுண்ணங்கிகள் புகுந்து பெருகுவதனாலேயே என்பது அந்நூலின் சாரம்.

இரண்டாவது போத்தல் ஏன் கலங்கிற்று என்று ஒரு மாணவன் கேட்டான். கண்ணுக்குச் சுத்தமாய் இருந்ததே என்பது அவனது வாதம். கழுவுதல் என்பது அழுக்கை அகற்றுவது. தொற்றுநீக்கல் என்பது அழுக்கு அகன்ற பின் எஞ்சி நிற்கும் உயிர்களைக் கொல்வது. முன்னது இன்றிப் பின்னது நடவாது. போத்தலின் அடியில் காய்ந்து ஒட்டிய பானப் படையினுள்ளே நுண்ணங்கிகள் பசை போன்ற ஒரு போர்வையைத் தம்மேற் போர்த்துக்கொண்டு கிடக்கும். அதன்மேல் எந்த மருந்தை ஊற்றினாலும் மேற்படையில் இருப்பவை மட்டும் மடியும். குளோரீனுக்கு இன்னுமொரு குறை உண்டு. அது கிருமியை மாத்திரமன்றி அழுக்கையும் தாக்கும். அழுக்கு மிகுந்தால் அதன்மேலேயே தன் வலிமையைச் செலவிட்டுவிடும், கிருமிக்கு மிச்சமிராது.

எனவே முதல் விதி, போத்தல் வெறுமையான அக்கணமே அதனை நீரால் அலசி வைப்பது. காயவிட்ட போத்தலைப் பின்னர் அரைமணி நேரம் தேய்ப்பதைவிட, காயுமுன் அரை நிமிடம் அலசுவது மேல். காய்ந்துவிட்டதெனில், சலவைச் சோடா கரைத்த சுடுநீரில் இரவு முழுதும் ஊறவைக்கலாம். நமது பாட்டிமார் அடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்கியதும் இதே இரசாயனந்தான். சாம்பலிலுள்ள பொற்றாசியங் காபனேற்றும், கடையில் வாங்கும் சோடியங் காபனேற்றும் உறவினர்கள். இரண்டின் காரத்தன்மையும் கொழுப்பையும் புரதத்தையும் இளக்கிவிடும். குளிர்பானத் தொழிற்சாலைகளில் திரும்பி வரும் போத்தல்களைச் சூடான எரிசோடாக் கரைசலில் வரிசையாக முக்கியெடுப்பார்கள். எரிசோடா தோலையும் கண்ணையும் அரிக்கும் பொருள். அதனை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

ஊறிய போத்தலுக்கு நீண்ட பிறஷ் வேண்டும். அது இல்லாத வீடுகளில் ஒருபிடி அரிசியும் சிறிது நீரும் இட்டுக் குலுக்குவது பழைய வழக்கம், நல்ல வழக்கமுங்கூட. சிலர் மணலிட்டுக் குலுக்குவர். அது கண்ணாடியிற் கீறல் விழுத்தும். கீறல் கிருமிக்கு ஒளிவிடம். அமுக்கம் ஏறும்போது போத்தல் பிளக்கத் தொடங்கும் இடமும் அதுவே. ஐரோப்பாவில் முற்காலத்தில் ஈயக் குண்டுகளை இட்டுக் குலுக்கி வைன் போத்தல்களைக் கழுவினார்கள். அடியில் சிக்கி நின்ற குண்டிலிருந்து ஈயம் பானத்திற் கரைந்து குடித்தவரை நஞ்சூட்டியது. அரிசிக்கு அத்தகைய பழி இல்லை.

கழுவிய போத்தல் சுத்தமானதா என்றறிய மாணவர்கள் ஒரு சோதனை செய்யலாம். நீரை நிரப்பிக் கவிழ்த்து விடுங்கள். உட்புறத்தில் நீர் ஒரே படலமாக வழிந்தால் கண்ணாடி சுத்தம். எங்காவது துளிதுளியாகத் தங்கினால் அங்கே எண்ணெய்ப்பசை இருக்கிறது. இதைச் செய்த பிறகு, பழம்பொருள் வியாபாரியைப் போல வெளிச்சத்திற்கு நேரே உயர்த்தி அடியைப் பாருங்கள். வட்டமாக ஒரு மங்கல் தெரிந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

தொற்றுநீக்கலுக்கு எளிய வழி கொதிநீர். ஆழமான பானையின் அடியில் துணி விரித்து, போத்தல்களைப் படுக்க வைத்து, அவை மூழ்கும்படி குளிர்ந்த நீர் ஊற்றிய பின்னரே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். நீர் கொதிக்கத் தொடங்கிய பின் பத்து நிமிடம். பின்பு அந்நீரிலேயே ஆறவிடுக. சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய 40 பாகை வெப்ப வேறுபாட்டைச் சடுதியிற் சந்தித்தால் விரிந்துவிடக்கூடும். பத்து நிமிடக் கொதிப்பு எல்லா உயிர்களையும் கொல்லாது என்பது உண்மையே. சில பற்றீரியாக்களின் வித்திகள் தப்பிவிடும். ஆயினும் தேசிப்புளி சேர்ந்த பானத்தின் அமிலத்தில் அவை முளைக்க மாட்டா. மாமி சொல்லும் அளவுக்குக் குறையாமற் புளி விடுவதன் இரகசியம் இதுவே.

பெரிய பானை இல்லாதவர்கள் குளோரீனை நாடலாம். துணி வெளுக்கும் திரவத்தில் இருப்பது சோடியம் ஐப்போகுளோரைற்று. வாசனை சேர்க்காத, நூற்றுக்கு ஐந்து பங்கு வலிமையுள்ள திரவமாயின், 4 இலீற்றர் நீருக்கு 15 மில்லிலீற்றர், அதாவது ஒரு மேசைக்கரண்டி போதும். இலீற்றருக்கு ஏறக்குறைய 200 மில்லிகிராம் குளோரீன் அதில் இருக்கும். போத்தலை அதிலே ஐந்து நிமிடம் முழுதாக அமிழ்த்தி, கொதித்தாறிய நீரால் இருமுறை அலசுக. வீயன்னா நகரில் 1847ஆம் ஆண்டில் செமல்வைசு என்னும் வைத்தியர் குளோரீன் சேர்ந்த சுண்ணாம்பு நீரிலே மருத்துவர்களைக் கை கழுவச் செய்து, பிரசவித்த தாய்மாரின் மரணத்தைப் பெருமளவு குறைத்தார். கிருமி என்ற ஒன்றை அன்று அவர் அறிந்திருக்கவில்லை. அதே குளோரீன் நமது குசினியிலும் வேலை செய்யும். ஆனால் இங்கே ஓர் அபாயம் உண்டு. குளோரீன் திரவத்தோடு வினாகிரி, தேசிப்புளி, மலசலகூடம் கழுவும் அமிலம் ஆகிய எதையும் ஒருபோதும் கலக்கலாகாது. கலந்தால் குளோரீன் வாயு வெளிப்பட்டு நுரையீரலைத் தாக்கும். போத்தலில் படிந்த சுண்ணாம்பை வினாகிரியால் அகற்றியிருந்தால், அதனை நன்கு அலசித் தீர்த்த பின்னரே குளோரீனைக் கையில் எடுக்க வேண்டும்.

அலசும் நீரைப் பற்றியும் ஒரு சொல். கொழும்பு மாநகருக்கு 1886ஆம் ஆண்டு முதல் லபுகம நீர்த்தேக்கம் நீர் வழங்கி வருகிறது. இன்று களனி கங்கையின் நீரும் அம்பத்தலையிலிருந்து வருகிறது. குழாய்க்கு வருமுன் நீருக்குக் குளோரீன் இடுகிறார்கள். ஆனால் வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில் அந்நீர் நேரே நம்மிடம் வருவதில்லை. கூரைமேல் உள்ள தொட்டியிலே தங்கி, குளோரீனைப் பெரிதும் இழந்து, அடியில் மண்டியும் சேர்த்துக்கொண்டு இறங்குகிறது. ஆகையால் கடைசி அலசலுக்குக் கொதித்தாறிய நீரே தகும். பின்பு துவாய் வேண்டாம். தலைகீழாக நிறுத்தி நீர் வடியவிட்டு, ஈரம் உலருமுன் பானத்தை நிரப்பிவிடுக.

மூடிகளை மறப்பவர் பலர். வில்லுக் கம்பி மூடியுள்ள போத்தலாயின் அதன் இறப்பர் வளையத்தைக் கழற்றித் தனியே கொதிக்க வைக்க வேண்டும். எமது மூன்று புளித்த போத்தல்களுள் இரண்டின் வளையத்துக்கு அடியில் கரும்பூசணம் இருந்ததைப் பிறகுதான் கண்டோம்.

பேராதனையும் இஞ்சிப் பானமும்

இலங்கைக்கும் இப்பானத்துக்கும் ஒரு விநோதமான விஞ்ஞானத் தொடர்பு உண்டு. 1869ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைகளை வாட்டும் செந்நிற நோயொன்று காணப்பட்டது. அதனை ஆராய 1880ஆம் ஆண்டில் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர் இங்கே அனுப்பப்பட்டார். பேராதனையில் இருந்து ஈராண்டு உழைத்த அவர், அந்நோய் ஒரு பூஞ்சணத்தால் வருவது என்பதையும் அதன் வித்திகள் காற்றிலே பரவும் விதத்தையும் விளக்கினார். கோப்பியைக் காப்பாற்ற இயலவில்லை. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இங்கிலாந்து திரும்பிய வார்ட், பிற்காலத்தில் அங்குள்ள குடிசைகளில் இஞ்சிப் பானம் செய்வதற்கு வைத்திருந்த வெண்ணிறக் கட்டிகளை ஆராய்ந்தார். அக்கட்டிகளில் ஒரு மதுவமும் ஒரு பற்றீரியாவும் ஒன்றையொன்று தாங்கிக் கூட்டுக் குடும்பம் நடத்துவதைக் கண்டார். வேண்டாத விருந்தாளிகளான பல்வேறு நுண்ணங்கிகளையும் அவற்றினின்று பிரித்து விலக்கி, அந்த இரண்டை மட்டும் மீண்டும் சேர்த்து அதே கட்டியை உருவாக்கியும் காட்டினார். 1892ஆம் ஆண்டில் றோயல் சங்கத்தின் வெளியீட்டிலே அவரது கட்டுரை வந்தது. எவை வேண்டியவை, எவை தற்செயலாகப் புகுந்தவை என்று பிரிக்கும் அவ்வேலைக்குக் கிருமியற்ற கண்ணாடிக் கலங்கள் எத்தனை தேவைப்பட்டிருக்கும் என்று நாம் எண்ணுவதுண்டு.

இனி வெடித்த போத்தலின் கதைக்கு வருவோம். கணக்குத் தெரிந்த மாணவர் தாளை எடுத்துக்கொள்ளலாம். ஓர் இலீற்றர் பானத்தில் கரைந்த 4 கிராம் சீனியை மதுவம் உண்டால் ஏறக்குறைய 2 கிராம் காபனீரொட்சைட்டு உண்டாகும்; அதன் கனவளவு சுமார் ஓர் இலீற்றர். சாதாரண பியரில் இலீற்றருக்கு இரண்டரை இலீற்றர் வாயு இருக்கும். நாம் இட்டதோ இலீற்றருக்கு 100 கிராம் சீனி. முழுவதும் நொதித்தால் 25 இலீற்றர் வாயு! அதைத் தாங்கும் போத்தல் எந்தக் கடையிலும் இல்லை. மதுவத்தைத் தடுத்து நிறுத்துவது குளிர் ஒன்றே. ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள் வெளியே வைத்து, உடனே குளிரூட்டிக்குள் மாற்றிவிட வேண்டும். சில நாட்களுக்குள் குடித்து முடிக்கவும் வேண்டும். வைத்திருக்க வைத்திருக்க அமுக்கத்தோடு மதுசாரமும் ஏறும் என்பதைப் பிள்ளைகள் உள்ள வீடுகள் மறக்கலாகாது. மாமி பன்னிரண்டு கண்ணாடிப் போத்தல்களோடு ஒரு பிளாஸ்டிக் போத்தலையும் நிரப்பி வைப்பார். அதனை விரலால் அழுத்திப் பார்ப்பார். கல்லுப்போல் இறுகியதும் எல்லாவற்றையும் குளிரூட்டிக்குள் ஏற்றுவார். பிளாஸ்டிக்கைக் கொதிக்க வைக்கலாகாது, முரட்டுப் பிறஷ் போடவும் கூடாது. குளோரீன் நீரே அதற்குப் போதும்.

எமது வெடித்த போத்தல் முன்பு சோஸ் இருந்த மெல்லிய போத்தல். அமுக்கம் தாங்கப் பிறந்ததன்று. அதன் வாயில் ஒரு சிறு உடைவும் இருந்திருக்க வேண்டும். வியாபாரி விரலால் தடவிப் பார்ப்பது அதற்காகத்தான் என்பது பின்னரே எமக்கு உறைத்தது. சோடாவுக்கென வார்த்த தடித்த போத்தல் வேறு வகை. ஹைரம் கொட் என்னும் ஆங்கிலேயர் 1872ஆம் ஆண்டில் போளை வைத்த போத்தலை அமைத்தார். உள்ளிருக்கும் வாயுவே போளையை மேலே தள்ளி வாயை அடைத்தது. அழகான யுக்தி. ஆனால் அந்தப் போளையும் நெரிந்த கழுத்தும் இருக்க, உள்ளே பிறஷ் விட்டுத் துலக்குவது பெரும்பாடு. 1892ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வில்லியம் பெயின்ரர் தகர முடிமூடியைக் கண்டுபிடித்தார். அதன்பின் போத்தலின் வாய் தடையின்றித் திறந்தது. கொழும்பில் 1866ஆம் ஆண்டில் பனிக்கட்டி செய்யத் தொடங்கிய கம்பனியின் வழிவந்ததே இன்று யானை இலச்சினையோடு ஜிஞ்சர் பியர் விற்கும் நிறுவனம். வெற்றுப் போத்தலைக் கொடுத்து நிறைபோத்தல் வாங்கிய காலத்தை எமது வயதினர் நன்கு அறிவர்.

அப்படித் திரும்பி வரும் போத்தலைப் பற்றியதே வியாபாரி எமக்குச் சொன்ன எச்சரிக்கை. மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வாங்கி அடுப்படியில் வைப்பதும், அதனைப் பானமென்று எண்ணிக் குழந்தை குடித்துவிடுவதும், நமது வைத்தியசாலைகள் நெடுங்காலமாகக் கண்டுவரும் துயரம். அவ்வாறு குடித்த குழந்தையை வாந்தியெடுக்கச் செய்யக் கூடாது. வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கும். அதுவே உயிருக்கு ஆபத்து. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. மண்ணெண்ணெய், அமிலம், பூச்சிமருந்து ஆகியன இருந்த போத்தலை எவ்வளவு கழுவினாலும் உணவுக்கு எடுக்க வேண்டாம். கொதிநீரும் குளோரீனும் கிருமியைக் கொல்லும். நஞ்சை நஞ்சல்லாததாக்க மாட்டா. வரலாறு தெரியாத போத்தலையும், மணம் வீசும் போத்தலையும் எம் வீட்டில் இப்பொழுது ஏற்பதில்லை.

சென்ற மார்கழியில் மாமிக்குக் கண்பார்வை மிகவும் குறைந்துவிட்டது. போத்தல்களை நாமே கழுவித் தருவதாகச் சொல்லி, கொட்டாஞ்சேனைக்குச் சென்று அவர் வீட்டுக் கிணற்றடியில் இருபது போத்தல்களைத் துலக்கினோம். வெளிச்சத்திற்கு உயர்த்திப் பார்க்கும் வேலையை மாமி எம் மகளிடம் ஒப்படைத்தார். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பதினெட்டை மாமியின் பக்கம் வைத்தாள். இரண்டை எம்மிடமே திருப்பித் தந்தாள்.